வெயிலுக்குக் கூரை போட்ட ஊர்

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, மின்சிக்கனப் பிரிவின் ஊழியர் பெருமக்களே, முன்வரிசையில் தலை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் என் அக்காவே, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவளுடைய மருமகளே, இந்த மண்டபத்துக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும் சான்றோர்களே, உங்கள் அனைவருக்கும், மருமகனைப் பறிகொடுத்த ஒரு தாய்மாமனின் வணக்கம்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. யார் யாரை விட்டது என்பதில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது. ஆனால் இந்த நகரத்தில் முதல் லிப்ட் ஓடியபோது அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டியவன் நான்தான். இங்கே உயர்ந்த மனிதர்கள் என்று யார் யார் உண்டோ, அத்தனை பேரையும் உயர்த்தியது இந்தக் கைதான். ஒருமுறை அமைச்சர் ஒருவர் நடுமாடியில் மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்தபடியே நாட்டு நடப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டார். நானும் கதவிடுக்கு வழியாகச் சொன்னேன். கொஞ்ச நாளில் மின்கட்டணத்தைக் குறைத்தார்கள். என்னால்தான் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஊரில் சொல்கிறார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? அமைச்சருக்கே வழி சொன்ன நான் ஒரு மனிதன் முன்னால் பதில் தெரியாமல் நின்றேன் என்றால், அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும்?

அவன் என் அக்கா மகன். அரசாங்கக் காகிதத்தில் அவன் நகர்மன்றத்தின் மின்சிக்கனப் பிரிவு அதிகாரி. அந்தப் பதவியைச் சொன்னால் இந்த ஊரில் நாலு பேருக்குக்கூடத் தெரியாது. 'கொடிக்கயிறு' என்று சொல்லிப் பாருங்கள், பால் பாக்கெட் போடுகிறவர் முதல் நீதிபதி வரை திரும்பிப் பார்ப்பார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவன் அதைப் பதக்கம் போல மாட்டிக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பெயர் எதனால் வந்தது என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு விதி உண்டு. பால்கனியிலோ ஜன்னலிலோ மொட்டைமாடியிலோ, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி துணி காயப்போடக் கூடாது. அவ்வளவுதான் விதி. அந்த ஒரு விதியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவன் வாழ்க்கை. வேலையில் சேர்ந்த நாள் முதல் அதற்குத்தான் எழுதினான், அதற்குத்தான் பேசினான், அதற்குத்தான் திட்டு வாங்கினான். அடுத்த வாரம் நகர்மன்றக் கூட்டத்தில் அந்த விதியை நீக்கும் தீர்மானம் முதல்முறையாக விவாதத்துக்கு வர இருந்தது. அதற்குள் அவன் போய்விட்டான்.

ஒரு முழக் கயிற்றுக்காக ஒருவன் ஆயுளைக் கொடுப்பானா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். லிப்ட் மெக்கானிக்குக் காதுதான் கண்.

அவன் பிறவியிலேயே அப்படி. தொட்டிலில் கிடக்கும்போது அறையில் விளக்கு எரிந்தால் அழுவான், அணைத்தால் சிரிப்பான். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் பக்கத்து அறையிலிருந்து அழுவான். நான் சொல்வது பொய் என்றால் என் அக்கா இதோ இருக்கிறாள், கேளுங்கள். இப்போது அவள் தலையாட்டமாட்டாள். அவளால் முடியாது.

செயலாளர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த விதி வந்த கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் ஐயா தன்னுடைய வீட்டை விற்க முயன்றுகொண்டிருந்தார். வாங்க வந்தவர் காரில் வந்தார், குளிர்கண்ணாடியோடு வந்தார், கூடத்தைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், எல்லாம் பிடித்திருந்தது. பால்கனிக்குப் போனார். எதிர் பால்கனியில் ஒரு பனியன் தொங்கிக்கொண்டிருந்தது. சாதாரண பனியன் இல்லை, ஓட்டை விழுந்த பனியன். அதுவும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் விதி வந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடம், அதைப் பார்த்து அடுத்த தெரு, கடைசியில் நகர்மன்றமே அதைச் சட்டமாக்கிவிட்டது. மற்ற ஊர்களில் புரட்சி வந்து சட்டம் வரும். நம் ஊரில் ஒரு பனியன் ஆடி சட்டம் வந்தது.

சட்டம் வந்தபின் என்ன ஆயிற்று? கயிறு போனது, துணி காயவைக்கும் மெஷின் வந்தது. ஒரு வீட்டில் டிரையர் வாங்கினார்கள் என்றால், அடுத்த வீட்டில் அதைவிடப் பெரிய டிரையர். அவன் என்னிடம் சொல்வான், "மாமா, வெயில் வீடு தேடி வந்து பால்கனிக் கதவைத் தட்டிட்டு நிக்குது. நாம கதவைச் சாத்திட்டு உள்ள போய் மெஷினைப் போடறோம். மெஷின் வீட்டைச் சூடாக்குது. சூட்டுக்கு ஏ.சி. போடறோம். ஏ.சி. தெருவைச் சூடாக்குது. தெரு சூடா இருக்குன்னு ஜன்னலை மூடறோம்." நான் கேட்டேன், "சரிடா, கடைசியில என்ன ஆகும்?" அவன் சொன்னான், "கடைசின்னு ஒண்ணு இல்ல மாமா. சுத்திக்கிட்டேதான் இருக்கும், டிரையர் மாதிரி."

முதல் தடவை அவன் இதை மன்றத்துக்குக் கொண்டுபோனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் பாதி உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். மீதிப் பேருக்கு மூட்டுவலி. தலைவர் அம்மா அன்றைக்கு அவனிடம் நல்லபடியாகத்தான் பேசினார்.

"நீங்க சொல்றது நியாயம்தான் தம்பி. ஆனா கயித்துல துணி போடுங்கன்னு நான் போய்ச் சொன்னா, ஊரைப் பின்னாடி இழுக்கிறாங்கன்னு சொல்வாங்க."

"வெயில்ல துணி காயறது பின்னாடி போறதாம்மா?"

"எனக்கு அப்படி இல்ல. அவங்களுக்கு."

"அவங்கன்னா யாரும்மா?"

அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அந்த 'அவங்க' யார் என்று கண்டுபிடிக்கத்தான் அவன் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினான்.

அவன் கேட்ட விதம் இருக்கிறதே, அதை வேறு எந்த அதிகாரியும் செய்து நான் பார்த்ததில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பீர்களா என்று கேட்கமாட்டான். பூமியைக் காப்பாற்றுவீர்களா என்று கேட்கமாட்டான். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "நீங்க எப்போ நல்லா இருந்தீங்க?" என்று கேட்பான். அவன் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். அவரிடம் அவன் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இப்பவே நல்லாத்தானே இருக்கேன்?" என்றார் டாக்டர்.

"அது சரி. நல்லா இருக்கோம்னு உங்களுக்கே தோணின நாள் ஒண்ணு சொல்லுங்க."

டாக்டர் யோசித்தார். நோயாளி வாயைத் திறந்து வைத்திருப்பது போல வாயைத் திறந்தபடி யோசித்தார். பிறகு சொன்னார், "போன கோடையில கரண்டு போச்சே, அன்னிக்குச் சாயங்காலம். வேற வழியில்லாம ஜன்னலையெல்லாம் திறந்துட்டு பால்கனியில உக்காந்தோம். காத்து வந்துச்சு. எதிர் வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என் பொண்ணு என் மடியிலேயே தூங்கிட்டா."

"அப்போ தினமும் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைக்கலாமே டாக்டர்?"

"திறந்து வெச்சா வீட்ல ஏ.சி. இல்லைன்னு நினைப்பாங்களே."

"யாரு?"

"எதிர் வீட்டுக்காரங்கதான்."

அவன் எழுந்தான். நேராக எதிர் வீட்டுக்குப் போனான். அவர்களிடமும் அதையே கேட்டான். அவர்களும் அதே சாயங்காலத்தைச் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்றான். "எங்களுக்கு ஒண்ணுமில்ல சார், டாக்டர் வீட்ல ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றார்கள். கொடியில் துணி போடலாமா என்று கேட்டாலும் அதே கதைதான். ஒவ்வொரு வீட்டிலும் எதிர்வீட்டைக் காட்டினார்கள். எதிர்வீட்டில் இந்த வீட்டைக் காட்டினார்கள். இந்த நகரத்தில் அவன் ஏறாத படிக்கட்டு இல்லை. எங்கேயும் அந்த 'அவங்க' அகப்படவில்லை. சான்றோர்களே, திருடன் ஒருவன் ஒளிந்திருந்தால் எந்த ஊரிலும் பிடித்துவிடலாம். எல்லோரும் பயப்படுகிற ஒருவன் ஊரிலேயே இல்லை என்றால் அவனை எப்படிப் பிடிப்பது?

அரசாங்கம் நம்மைக் கேட்காமல் சட்டம் போடுகிறது என்று நாம் திட்டுகிறோம். நான் திட்டியிருக்கிறேன், அமைச்சர் முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அரசாங்கம் நம்மைக் கேட்டுத்தான் செய்தது. தலைநகரத்திலிருந்து நல்வாழ்வுக் கணக்கெடுப்பு என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கையில் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தது அந்தப் பெண். மக்கள் எதை நல்வாழ்வு என்று நினைக்கிறார்கள் என்று முன்னாலேயே கேட்டறிந்து, அதன்படி கேள்விகளை அமைத்திருந்தார்கள். என் மருமகன் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"சார், வீட்ல டிரையர் இருக்கா?"

"இல்லம்மா. கொடியில காயப்போடறோம்."

"அதுக்கு இதுல இடம் இல்ல சார். இருக்கு, இல்லை, ரெண்டுதான்."

"ஜன்னல் திறந்திருக்கிற வீடுன்னு போட இடம் இருக்காம்மா?"

"ஏ.சி. இருக்கான்னு கேக்கறாங்க சார்."

"மத்தியானம் அரை மணி நேரம் நிம்மதியாத் தூங்கறோம். அதைப் போடலாமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. "எனக்கும் ஆசைதான் சார், ஆனா இதுல இல்ல" என்றது. நல்ல பெண்.

விளைவு என்ன தெரியுமா? நகரத்தின் மின்சிக்கன அதிகாரி வீடு, பின்தங்கிய குடும்பம் என்று பதிவானது. பின்தங்கிய குடும்பங்களின் நல்வாழ்வை உயர்த்த வேண்டும் அல்லவா? கொஞ்ச நாளில் ஒரு லாரி வந்து நின்றது. கட்டடம் முழுக்க ஜன்னலில் தலைகள். லாரியிலிருந்து இறங்கியது ஒரு டிரையர். சாதாரண டிரையர் இல்லை, மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கிற பச்சை டிரையர். அதன் மேல் ஒரு இலையின் படம். இறக்கி வைத்தவர் இவனிடமே கையெழுத்துக் கேட்டார். அவன் அப்போதுதான் என்னிடம் சொன்னான், "மாமா, இதை அனுப்பின நிலைத்த வளர்ச்சித் திட்டத்தோட முதல் வரியிலேயே எழுதியிருக்காங்க, மக்களோட நல்வாழ்வு குறையாமன்னு. நல்வாழ்வுன்னா மெஷின்னு ஆயிட்டா, அப்புறம் திட்டம் என்ன பண்ண முடியும்? ஒரு மெஷினுக்குப் பதிலா இன்னொரு மெஷின்தான் குடுக்க முடியும். கயிறுன்னு எழுதினா வாழ்வைக் குறைச்சதா ஆயிடும்."

டிரையரை அவன் அதே லாரியில் திருப்பி அனுப்பினான். ஊரே அவனை மெச்சியது என்று சொல்ல எனக்கு ஆசை. மெச்சவில்லை. அவன் மனைவியே மெச்சவில்லை. அவள் செவிலியர். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, சீருடையைத் துவைத்து, அண்டை அயலார் பார்க்கக் கொடியில் போடுகிறவள். அதற்கு வருகிற எச்சரிக்கைக் கடிதங்களை வாங்கி வைக்கிறவளும் அவள்தான்.

"உங்க கொள்கைக்கு என் துணிதான் ஊர்வலம் போகணுமா?" என்று கேட்டாள். "லிப்ட்ல ஏறினா பேசிட்டிருக்கிறவங்க பேச்சை நிறுத்தறாங்க. பக்கத்து வீட்டம்மா பழைய துணி வேணுமான்னு கேக்கறா. வேணும்னே கேக்கல, பாவப்பட்டுக் கேக்கறா. அதுதான் தாங்கல."

அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்பீர்கள். துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். அவளும் அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை. ஆனால் கொடியை அவிழ்க்கவும் இல்லை.

இனி நம் நகரத்தின் பெருமைக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பெருமை. நம் இயற்கை உலர்த்தகம்.

ஒரு கட்டத்தில் மன்றம் அவன் தொல்லை தாங்காமல் இறங்கி வந்தது. அவன் குடியிருப்பின் மொட்டைமாடியில் பொதுவாக ஒரு இடம் ஒதுக்கி, கொடிகள் கட்டி, சோதனை முறையில் நடத்திப் பார்க்கலாம் என்றார்கள். அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடிகளை நானே இழுத்துக் கட்டினேன். யானையைத் துவைத்துக் காயப்போட்டாலும் அறாது. அப்போது செயலாளர் ஐயா ஒரு நிபந்தனை சொன்னார். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. நியாயமான நிபந்தனை என்று எல்லோருக்கும் பட்டது. சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுப்பியபின் பார்த்தால், பக்கத்துக் கட்டடம் இன்னும் உயரம். அங்கேயிருந்து குனிந்தால் தெரிகிறது. அதுவும் நியாயம்தானே? மேலே தகரக் கூரை போட்டார்கள். இப்போது யாருக்கும் தெரியவில்லை. வெயிலுக்கும் தெரியவில்லை.

துணி காயவில்லை. காயாதது மட்டும் இல்லை, நாறியது. பெண்கள் வந்து சண்டை போட்டார்கள். "இங்க போட்டா போட்டதைவிட ஈரமா வருது" என்றார் ஒரு அம்மா. சரி, காற்று வேண்டும் என்று மின்விசிறிகள் மாட்டினார்கள். நாற்றம் குறைந்தது, ஈரம் குறையவில்லை. சூடு வேண்டும் என்று மின்சூடேற்றி வைத்தார்கள். அதற்கு ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு ஏ.சி. வாசலில் பலகை: 'இயற்கை உலர்த்தகம்'. அவன் ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம் என்று சொன்னான், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நியாயம் அவனுக்கு முன்னால் வந்து நின்றது. ஒருவர்கூட கெட்ட எண்ணத்தோடு ஒரு செங்கல் வைக்கவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். எனக்கு அந்தத் தைரியம் உண்டு, எல்லோருக்கும் தெரியும்.

அந்த உலர்த்தகத்துக்கு விருது கிடைத்தது. வீட்டுக்கு வீடு ஓடிய டிரையர்களுக்குப் பதிலாகப் பொதுவான ஒரே சூடு, மக்களின் நல்வாழ்வும் குறையவில்லை, ஆகவே முன்மாதிரி. தலைநகரத்தில் பெரிய மேடை. அவனை அழைத்துக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். கேடயம் கொடுத்தவர் என்னைப் பார்த்து, இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நிமிடம் தயங்கினார். திரும்பி வரும்போது பேருந்தில் அந்தக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னான்:

"மாமா, வெயிலுக்குக் கூரை போட்டதுக்கு விருது குடுத்திருக்காங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு நான் நிறுத்திவிட்டேன். அவன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. அன்றைக்கு இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் வேறு எதையும் கேட்கவில்லை. விசிறி வேண்டாம், விருது வேண்டாம், திட்டம் வேண்டாம். விதியை எடுங்கள், அது போதும் என்றான். "போடறவங்க போடட்டும் மாமா. ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் போடுவாங்க. ரெண்டு பேர் போட்டா அப்புறம் அது வறுமை இல்ல, வழக்கம்" என்றான். அந்தத் தீர்மானத்தைப் பட்டியலில் சேர்க்க அவன் நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது என்று சொன்னால் அது குறைவு. இந்த ஊரின் தார்ச்சாலையே தேய்ந்தது.

சேர்த்தார்கள். அடுத்த வாரம் என்றார்கள்.

அவன் எப்படி இறந்தான் என்று இந்த ஊரில் பல கதைகள் ஓடுகின்றன. வெயிலில் மயங்கி விழுந்தான் என்கிறார்கள். மன்றத்தில் வாக்குவாதம் என்கிறார்கள். ஒன்றும் இல்லை. காலையில் ஒரு சட்டையைத் துவைத்தான். உதறினான். பால்கனியில் கொடியில் போட்டான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் வந்து என்னங்க என்று கூப்பிட்டபோது பதில் இல்லை. இதயம் என்றார் மருத்துவர். இதில் சேர்த்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இன்றைக்கு நான் இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது தலைவர் அம்மா என்னைத் தனியாக அழைத்தார்.

"ஐயா, ஒரு நல்ல செய்தி. நீங்க தாய்மாமன், நீங்களே மேடையில சொன்னா பொருத்தமா இருக்கும். உலர்த்தகத்துக்கு அவர் பேரை வெக்கிறோம்."

"தீர்மானம் என்னம்மா ஆச்சு?"

"அவரே இல்லாதப்போ அதைக் கொண்டுவந்து, நாலு பேர் எழுந்து கேலி பேசி, எதுக்குங்க? அவருக்கு மரியாதையா இருக்காது. எடுத்துட்டோம்."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. எனக்கு ஆள் தெரியும். ஆகவே, சபையோர்களே, எனக்கு இட்ட பணியைச் செய்கிறேன். இயற்கை உலர்த்தகம் இன்று முதல் என் மருமகன் பெயரால் அழைக்கப்படும். அறிவித்துவிட்டேன். கைதட்டுகிறவர்கள் தட்டலாம்.

யாரைக் குறை சொல்வது? மன்றத்தையா? மன்றம் நம் முகத்தைப் பார்த்துச் சட்டம் போடுகிறது. நம் முகமோ எதிர்வீட்டுப் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டில் இருக்கிறவர் நம்மைப் பார்த்துப் பயந்து கதவைச் சாத்தியிருக்கிறார். இதை மாற்ற ஒரு அதிகாரியால் முடியவில்லை. அவனால் முடியாததை இங்கே யார் செய்யப்போகிறீர்கள்? செயலாளர் ஐயாவா? பல் மருத்துவரா? அவரும் வந்திருக்கிறார், அதோ தூணுக்குப் பின்னால். என்னைப் பார்க்காதீர்கள் டாக்டர், நான் உங்களைக் கேட்கவில்லை.

அவன் கடைசியாகப் போட்ட அந்தச் சட்டை கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவனை எடுத்துக்கொண்டு போகும்போதும் தொங்கியது, வீடு திரும்பி வந்தபோதும் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. யாரையும் தொட விடவும் இல்லை. நேற்று வாசல் மணி அடித்தது. காவலாளி. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மேடம், என்னைத் தப்பா நினைக்காதீங்க. செயலாளர் சார் சொல்லச் சொன்னாரு. துக்கத்துக்கு வெளியூர்லேர்ந்து பெரிய ஆளுங்க வராங்க. அந்தச் சட்டை தொங்கறது நல்லா இருக்காதாம்."

"எது நல்லா இருக்காதுப்பா?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கென்ன மேடம் தெரியும். சொன்னாங்க."

அவள் கதவைச் சாத்திவிட்டாள். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தக் கடிதம் வந்தாலும், எந்தச் சங்கம் வந்தாலும் அந்தச் சட்டை இறங்காது என்று நான் தெருமுனை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை இங்கே புறப்படும்போது பார்க்கிறேன், அவள் பால்கனியில் நின்று அதைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எடுக்காதம்மா. நான் பாத்துக்கறேன். யார் வராங்கன்னு பாக்கறேன்" என்றேன்.

"காஞ்சு எவ்வளவோ நேரமாச்சு சித்தப்பா" என்றாள். "இன்னும் விட்டா வெளுத்துடும்."

அவ்வளவுதான் சொன்னாள். கைகளை உள்ளே மடக்கி, காலரை நீவி, அவன் மடிப்பது போலவே மடித்தாள். அலமாரியில் வைத்தாள். நாங்கள் கீழே இறங்கி வந்தபோது காவலாளி எழுந்து நின்று, நன்றி மேடம் என்றார். மண்டப வாசலில் செயலாளர் ஐயா கைகூப்பி, "ரொம்பப் பக்குவமானவங்க, புரிஞ்சுக்கிட்டாங்க" என்று என்னிடம் சொன்னார். இல்லை ஐயா, அவள் எதையும் புரிந்துகொள்ளவில்லை, சட்டை காய்ந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐயா அதற்குள் அடுத்தவருக்குக் கைகூப்பப் போய்விட்டார்.

அவன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரையும் எழுந்து நிற்கச் செய்து உறுதி வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் யாரையும் எழச் சொல்லப்போவதில்லை. உட்காருங்கள். உங்களில் ஒருவரும் நாளைக்கு ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடியில் போடமாட்டீர்கள். நான் பேசிய நேரம் முழுக்க நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தீர்மானம் இனி வராது. அவன் சொன்னது போல இரண்டு பேர் போட்டால் வழக்கம். ஒருவன் போட்டால் வறுமை. நான் ஒருவன்தான்.

இங்கேயிருந்து நேராக அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். நான் போட்டிருக்கிற இந்தச் சட்டையைத் துவைத்து அந்தக் கொடியில் போடப்போகிறேன். அது காய்வதற்குள் காவலாளி மணி அடிப்பார். என்னால் அவருக்கு வேலை போய்விடக் கூடாது, ஆகவே எடுத்துவிடுவேன். ஈரத்தோடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். நாளைக்கும் வருவேன்.